மதுரைக்குப் புறப்படும் முன்

கோடை விடுமுறைக்கு மதுரைக்குப் போகப் போகிறீர்களா? அத்தை வீடோ தாத்தா வீடோ அங்கே இருக்கும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கும் ஆசையும் இருக்கும். பெட்டியில் சட்டை துணிமணிகளை அடுக்கும் முன், சூரியனைப் பற்றிச் சற்று யோசியுங்கள்.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே உள்ள எந்த ஊருக்கும் ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். மதுரைக்கு முதல் முறை ஏப்ரல் மூன்றாவது வாரத்தில். அடுத்தது ஆகஸ்டு கடைசியில். அப்படியானால் ஏப்ரலைவிட மே மாதம் ஏன் குளிர்ந்துவிடுவதில்லை? அடுப்பை ஏற்றியதும் தோசைக்கல் காய்ந்துவிடுகிறதா? தரையும் அப்படித்தான், உச்சியிலிருந்து சற்று விலகிய பிறகும் சூரியன் தரும் வெப்பம், தரை இழக்கும் வெப்பத்தைவிட அதிகமாக இருக்கிறது. நண்பகலைவிடப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு வெயில் கொடுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஜூனில் மழை வந்துவிடும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் கொட்டிவிடுகிறது. மதுரைக்கு நல்ல மழை அக்டோபர், நவம்பரில்தான். வெளிநாட்டுப் பயணிகள் டிசம்பர், ஜனவரியைத் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமம் இப்போது புரிகிறதல்லவா? உங்களுக்கோ பள்ளி மூடுவது கோடையில், திருவிழாவும் கோடையில்தான்!

சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வருபவர்கள் மதுரையில் ஏமாந்துபோவது ஒரு விஷயத்தில். "எனக்கு வியர்க்கவே இல்லையே!" என்பார்கள். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி; வியர்வை ஆவியாகாமல் முதுகில் வழியும். மதுரையின் பிற்பகல் காற்று உலர்ந்தது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் ஆவியாகிவிடும். மாலையில் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைக் கோடுகளாக உப்பு படிந்திருக்கும். பகல் முழுவதும் வியர்த்ததற்கு அதுவே சாட்சி. பேருந்தின் ஜன்னலோரத்தில் அனல் காற்று முகத்தில் அடிக்கும்போது இன்னும் அதிகமாகவே நீரை இழக்கிறீர்கள்.

இந்த வியர்வைதான் நம்மைக் காப்பாற்றுகிறது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளியே 39 டிகிரி என்றால், வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் பாயுமே தவிர வெளியேறாது. வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கணக்குப் போடுங்கள்: ஒரு லிட்டர் வியர்வை கொண்டுபோகும் வெப்பம், பனிக்கட்டி போல் சில்லிட்ட ஐந்து லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்தப் போதும்! தண்ணீர்ப்பந்தலில் மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே விந்தைதான், பானைக்கும் வியர்க்கிறது.

எனவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்; தாகம் சற்றுத் தாமதமாகத்தான் மணி அடிக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீங்கள் குடித்தது போதவில்லை என்று பொருள். திருவிழாப் பந்தல்களில் வழங்கும் நீர்மோரில் உப்பும், பானகத்தில் வெல்லமும் இருக்கின்றன. நம் குடலில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1971-இல் மேற்கு வங்கத்து அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தது இந்த அடிப்படையில்தான்.

பெட்டியில் தளர்ந்த பருத்திச் சட்டைகள், குடை, தண்ணீர் பாட்டில் போதும். நாள் திட்டத்தில்தான் கவனம் வேண்டும். சமணர் மலையில் ஏறுவதென்றால் விடியற்காலையில் ஏறுங்கள். மாலையிலும் பாறை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மீனாட்சியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரம் உங்களுக்கும் ஓய்வு நேரமாக இருக்கட்டும். முதல் சில நாட்கள் வெயிலில் ஓடியாட வேண்டாம். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்.

கூட்டத்தில் ஒருவர் திடீரென்று உளறினால், தள்ளாடினால், உடல் கொதித்தால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை விசிறுவதை நிறுத்தாதீர்கள்.

ஏப்ரல் மூன்றாவது வாரத்திலேயே மதுரை போய்விட்டால் ஒரு வேடிக்கையும் பார்க்கலாம். முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். பகல் 12 மணி 18 நிமிட வாக்கில் எட்டிப் பாருங்கள். நிழல் குச்சியின் காலடியிலேயே ஒளிந்துகொண்டிருக்கும். பார்த்ததும் வீட்டுக்குள் ஓடி வந்துவிடுங்கள்!