தோளை அழுத்தும் கண்ணாடி

கூழைக்கடாவின் பக்கத்தில் போய் நின்று படம் எடுக்க முடியுமா? நாம் இரண்டடி வைத்தால் அது இருநூறடி பறந்துவிடும். அதனால்தான் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துப் போட்டோக்காரர்கள் 'டெலி' என்கிறார்களே, அதுதான். அதன் எடையைப் பற்றி இன்று பேசுவோம். எடைக்கு ஒரு கட்டுரையா என்று நகைக்கும் தோழர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரைக் கேட்டுப் பார்க்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. வலை கறுத்தது, படகு கறுத்தது, மீனவர் பிழைப்பும் கறுத்தது. இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஓர் அறிக்கையை மறுத்து இன்னோர் அறிக்கை விடலாம். படத்தை மறுப்பது அத்தனை எளிதா? அப்படிப்பட்ட படத்தை ஆடுகிற படகில் நின்றுகொண்டு எடுக்க வேண்டும். படகில் முக்காலி நிற்காது. கையால் தூக்கிப் பிடிக்கக்கூடிய லென்ஸ்தான் அங்கே உதவும்.

பாரம் எங்கிருந்து வருகிறது? 500 மில்லிமீட்டர் லென்ஸில் 'எஃப் 4' என்று எழுதியிருந்தால், அதன் வாய் 500-இல் நாலில் ஒரு பங்கு, அதாவது 125 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். ஐந்து அங்குலக் கண்ணாடி! அதுவும் ஒன்றல்ல. ஒற்றைக் கண்ணாடி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைப்பதால் ஓரங்களில் நிறம் சிதறும். அதைத் திருத்த இன்னொரு கண்ணாடி, அதைத் திருத்த மற்றொன்று என்று அடுக்க வேண்டும். நிக்கான் 2015-இல் கொண்டுவந்த இத்தகைய லென்ஸ் 3,090 கிராம். மூன்று கிலோவைக் காலை முழுவதும் கண்ணுக்கு நேரே ஏந்தி நிற்பது விளையாட்டல்ல.

நீளத்தைக் குறைக்கும் வழியை 1891 வாக்கிலேயே கண்டார்கள். இங்கிலாந்தில் டால்மையர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், மீத்தே ஆகியோர் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்ட வழி அது. முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, பின்னால் சற்று விரிக்கும் கண்ணாடி, குழல் குட்டையாயிற்று. ஆனால் பாரம் போகவில்லை.

பாரத்தோடு மல்லுக்கட்டியவர் நம் சென்னையிலேயே இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996), காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்த இயற்கையியலர். ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் டெலி லென்ஸையும் தாமே இணைத்துக்கொண்டு, அந்தக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார். பளுவையே கேலி செய்யும் பெயர்! பணம் கொட்டி வாங்கிய கருவியல்ல. கைத்திறனால் கட்டிய கருவி.

பளுவைக் குறைத்த யோசனை கலங்கரை விளக்கத்தை ஒட்டிப் பிறந்தது என்றால் இராயபுரத்துத் தோழர்கள் வியக்கமாட்டார்கள். பிரான்சு நாட்டு ஃபிரெனல், தடித்த கண்ணாடிக்குப் பதில் வட்ட வட்டமான மெல்லிய படிகள் போதும் என்று காட்டி, 1823-இல் கோர்டுவான் விளக்கில் பொருத்தினார். அதன் வழிவந்ததுதான் இன்றைய மெல்லிய லென்ஸ். இதில் வரிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை. அவை சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் வளைக்கின்றன. சாதாரணக் கண்ணாடிக்கு நேர் எதிர்! இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பிழையை ஒன்று தின்றுவிடுகிறது. பல கண்ணாடிகள் வேலை இழக்கின்றன. (இந்த ஆட்குறைப்பை மட்டும் நாம் எதிர்க்கவில்லை.)

கேனன் நிறுவனம் 2001-இல் இவ்வகை 400 மில்லிமீட்டர் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2015-இல் நிக்கானின் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 1,440 கிராமிலிருந்து 755 கிராமுக்கு இறங்கியது. 2018-இல் வந்த 500 மில்லிமீட்டர் 1,460 கிராம்தான். இதன் வாய் சிறிது, வெளிச்சமும் பாதிதான் என்பதை மறைக்கக் கூடாது. பளிச்சென்ற விளக்கு எதிரே இருந்தால் நிற வளையம் விழுவதும் உண்டு.

சரி, விலை? அறிவிக்கப்பட்டபோது அமெரிக்காவிலேயே சுமார் 3,600 டாலர். எம்.கே.பி. நகரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுத்துப் பிழைக்கும் தம்பி இதை எப்படி வாங்குவான்? 2020-இல் கேனன் 930 கிராமில் 600 மில்லிமீட்டர் லென்ஸை 699 டாலருக்கு விட்டது. வாய் 'எஃப் 11' என்பதோடு நிலைத்துவிட்டது. 'எஃப் 4' வாங்கும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான். பறவை இரை தேடுவது விடியலில். இந்த லென்ஸுக்கோ உச்சி வெயில் வேண்டும். இருப்பவனுக்கு விடியல், இல்லாதவனுக்கு நண்பகலா?

டேராடூனில் பீரங்கி வண்டிகளுக்குக் குறிபார்க்கும் கண்ணாடிகள் செய்கிறோம். கல்கத்தாவின் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஒளியியல் கண்ணாடியையே உருக்கிக் காட்டியிருக்கிறது. இத்தனை திறம் படைத்த நாடு, உழைப்பவன் வாங்கத்தக்க ஒரு டெலி லென்ஸைச் செய்ய முனையக் கூடாதா என்று கேட்கிறோம். அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வடசென்னை நூலகங்களில் புத்தகத்தோடு ஒரு மெல்லிய டெலி லென்ஸும் இருக்கட்டும். பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப்போய் மூன்று நாளில் திருப்பித் தரட்டும். முதல் பெயரை எழுத எம்.கே.பி. நகரில் ஆள் இருக்கிறது.