பாம்பின் நஞ்சும் மதுவின் நஞ்சும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளவை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். நூற்பாலைகளின் புகழ் ஒருபுறம் இருக்க, மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் நெல்வயலையும் நம்பி வாழும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவர், வரப்பில் புல்லறுக்கும் தாய், கோடையில் தரையில் பாய் விரித்து உறங்கும் பிள்ளை ஆகிய எவருக்கும் பாம்பு அந்நியமன்று. கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கே ஓடுவது? விஷக்கடி வைத்தியரிடமா, அரசு மருத்துவமனைக்கா? நாட்டு மருத்துவத்தின்மீது நமக்கு மதிப்பு உண்டு. ஆகவே அதன் மூல நூல்கள் என்ன கூறுகின்றன என்பதையே முதலில் பார்ப்போம்.

ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளுள் ஒன்று அகத தந்திரம் எனப்படும் நஞ்சு மருத்துவம். சுசுருதர் தம் நூலில் கல்பஸ்தானம் என்ற பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். படம் விரிப்பவை, வட்டப் புள்ளிகள் உடையவை, கோடுகள் உடையவை என்று அவர் பாம்புகளைப் பிரித்த விதம் வியப்பூட்டுகிறது. நம் ஊர் நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் கட்டுவிரியனையும் அந்த மூன்று வகைகளில் எளிதாக அடையாளம் காணலாம். சிறிய உடலுடைய சுருட்டை விரியனையும் சேர்த்து, இந்தியாவில் மிகுதியாக உயிர் குடிப்பவை இந்நான்குமே.

இன்னொரு செய்தியையும் சுசுருதர் மறைக்கவில்லை. கடித்தும் நஞ்சு இறங்காத கடி உண்டு. பாம்பு தீண்டிய அச்சத்தினாலேயே உடல் வீங்குவதும் உண்டு. இன்றைய மருத்துவர்களும் இதையே கூறுகின்றனர். சாரைப் பாம்பும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தால் உயிருக்கு ஆபத்தில்லை. நச்சுப் பாம்பே கடித்தாலும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்துவதில்லை. இத்தகையோர் வைத்தியரிடம் வேர் வாங்கித் தின்றாலும் பிழைப்பர். வெறும் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பர். ஆனால் பிழைத்தவரின் கதைதான் ஊரெங்கும் பரவுகிறது. வைத்தியர் பொய் சொல்கிறார் என்று நாம் கூறவில்லை. தம் கண்ணால் கண்டதையே அவரும் நம்புகிறார்.

வாக்படரின் அஷ்டாங்க இருதயம் கூறுவதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடிவாயில் நஞ்சு நூறு மாத்திரை நேரமே தங்கும். பின்னர் குருதியில் கலந்து உடலெங்கும் பரவும் என்கிறது அந்நூல். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் என்று நாம் பள்ளியில் இலக்கணம் படித்திருக்கிறோம். அப்படியானால் நூறு மாத்திரை எவ்வளவு நேரம்? ஒரு நிமிடமோ, சற்றுக் கூடுதலோ! கண்ணிமையைக் கொண்டு காலத்தை அளந்த நூலின் பெயரால், கடிபட்டவரைப் பொழுது விடியும்வரை வேப்பிலை அடித்து மந்திரித்து உட்கார வைப்பது அந்நூலுக்கே செய்யும் அவமதிப்பு.

அந்நாளில் அவர்களிடம் இல்லாத ஒரு மருந்து இன்று நம்மிடம் உள்ளது. 1890களில் பிரெஞ்சு அறிஞர் கால்மெட் உருவாக்கிய நச்சு முறிவுச் சீரமே அது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றினால், அதன் குருதியில் நஞ்சை எதிர்க்கும் சக்தி பிறக்கிறது. அதனைப் பிரித்தெடுத்து நோயாளியின் இரத்தக் குழாயில் செலுத்துகின்றனர். இதற்கான நஞ்சைத் தருவோரில் முதன்மையானவர்கள் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் மக்கள். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பரம்பரை அறிவு புதிய அறிவியலோடு கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நாம் அறியோம்.

கடிவாய்க்கு மேலே கட்டுப்போடச் சொன்னார் சுசுருதர். கீறுவதும் உறிஞ்சுவதும்கூடப் பழைய முறைகளே. இவற்றை இன்று அறவே தவிர்க்க வேண்டும். விரியன் நஞ்சு குருதியை உறைய விடாது. கீறினால் இரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டினால் காலே அழுகிப் போகலாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கை அல்லது காலை அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் மூச்சையே நிறுத்தக் கூடியவை. அப்போது செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும். முன்பெல்லாம் இதற்கு மதுரைவரை ஓட வேண்டியிருந்தது. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் தூரம் குறைந்துள்ளது.

கட்டுவிரியனைப் பற்றித் தாய்மாருக்குத் தனியாக ஒரு சொல். அது இரவில் உறங்குவோரைக் கடிக்கும், வலியே தெரியாது, பல்பட்ட தடமும் தெரியாமல் போகலாம். தரையில் படுத்த பிள்ளை விடியலில் வயிற்றுவலி என்று அழுது, இமைகளைத் தூக்க முடியாமல் கிடந்தால், கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கட்டிலும் நன்றாகச் செருகிய கொசுவலையும் சிறந்த காப்பு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறக்குறைய 12 இலட்சம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் பழைய நஞ்சு நூல்களால் இன்று பயனே இல்லையா? உண்டு, ஆனால் வேறொரு நஞ்சின் விஷயத்தில். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் 23ஆம் அத்தியாயம் நஞ்சைப் பற்றியது. அதை அடுத்த 24ஆம் அத்தியாயம் எதைப் பற்றியது தெரியுமா? மது! நஞ்சுக்குரிய குணங்களே மதுவிலும் உள்ளன என்று அம்மருத்துவர்கள் கண்டனர். பாம்பின் நஞ்சு மணிக்கணக்கில் கொல்லும். மதுவும் போதைப் பொருளும் ஆண்டுக்கணக்கில், குடும்பத்தையும் சேர்த்துக் கொல்கின்றன. ஆலை வாசலில் சம்பள நாளன்று காத்து நிற்கும் மனைவியர் இதை நன்கு அறிவர்.

பழகிப்போன தீய வழக்கத்தை ஒரேயடியாக அறுக்காமல் கால் கால் பங்காகக் குறைத்து, அவ்விடத்தில் நல்ல வழக்கத்தைப் புகுத்த வேண்டும் என்பது சரகரின் விதி. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை உண்டாகி உயிரும் போகலாம் என்பதை இன்றைய மருத்துவம் உறுதி செய்துள்ளது. ஆகவேதான் மருத்துவர்கள் மாற்று மருந்தைக் கொடுத்து, அதையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருகின்றனர். இது வீட்டில் செய்யும் வேலையன்று. முதல் சில நாட்களேனும் மருத்துவமனையில் வைத்துச் செய்ய வேண்டியது. அதன் பின்னர் உணவும் உறக்கமும் சீர்பட நாட்டு வைத்தியர் தரும் பத்தியமும் எண்ணெய்க் குளியலும் துணை செய்யலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மேற்கொள்வது நலம்.

கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று விற்கப்படும் பொடிகளை மட்டும் வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. குடிமறப்புக்காக 1948 முதல் பயன்படும் டைசல்பிராம் என்ற மாத்திரையையே மருத்துவர்கள் நோயாளியின் சம்மதமின்றிக் கொடுப்பதில்லை. அதை உட்கொண்டது அறியாமல் அவர் அன்று மாலை குடித்துவிட்டால், இரத்த அழுத்தம் சரிந்து அங்கேயே விழக்கூடும்.