அத்திவாவா, எக்ஸ்50-ஆ? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

வீட்டில் கார் வாங்கும் பேச்சு தொடங்கினால் ஆளுக்கொரு கருத்து வரும். அப்பா விலையைப் பார்ப்பார். அம்மா பாதுகாப்பைக் கேட்பார். அண்ணனுக்குக் குதிரைத் திறன் முக்கியம். மாணவர்களே, இந்தப் பேச்சில் உங்களுக்கும் இடம் உண்டு. விளம்பரத் தாளில் உள்ள எண்களின் பொருளை அறிய, நீங்கள் படிவம் மூன்று அறிவியலில் படிக்கும் 'ஆற்றலும் திறனும்' பாடமே ஏறக்குறையப் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்தில் வீடு. ஐந்து பேர். அப்பாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. நாள்தோறும் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்குப் போய்வர வேண்டும். 2014 மார்ச் 1ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலுக்கு மேலே செல்கிறது.

அவர்கள் முன் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று 2021 மார்ச்சில் வெளிவந்த பெரோடுவா அத்திவா. மற்றொன்று 2020 அக்டோபரில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50. இரண்டும் இன்று பழைய கார் சந்தையிலும் கிடைக்கின்றன. இங்கே தரும் எண்கள் அந்த முதல் வெளியீடுகளுக்கு உரியவை. எக்ஸ்50-இல் விலை குறைந்த வகையை எடுத்துக்கொள்கிறோம்.

உயரமான கார், ஆனால் காட்டு வண்டி அல்ல

இவற்றை 'கிராஸ்ஓவர்' என்கிறார்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடற்பகுதி பொருத்தப்பட்டிருக்கும். கிராஸ்ஓவரில் அந்தத் தனிச் சட்டம் இல்லை. சாதாரணக் காரைப் போல உடற்பகுதியே சட்டமாகவும் அமைகிறது. அத்திவா, எக்ஸ்50 இரண்டிலும் எஞ்சின் முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிறது. தோற்றத்தைப் பார்த்துவிட்டு, மழைக்குப் பின் செம்பனைக் காட்டுச் சேற்றில் இறக்கினால் சாதாரணக் காரைப் போலவே சிக்கிக்கொள்ளும். உயரம் தரும் நன்மை, ஏறி இறங்குவதும் மேடுபள்ளங்களைக் கடப்பதும் சற்று எளிதாவதுதான்.

திறனைப் பொருண்மையால் வகுத்துப் பாருங்கள்

இரண்டிலும் மூன்று உருளை டர்போ எஞ்சின்தான். வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். அதே அச்சில் உள்ள இன்னொரு விசிறி காற்றை அழுத்தி உருளைக்குள் அனுப்பும். காற்று கூடினால் ஆக்சிஜன் கூடும். அதற்கேற்ப அதிக எரிபொருளை எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்வது இப்படித்தான்.

அத்திவாவின் 1.0 லிட்டர் எஞ்சின் தருவது 98 குதிரைத் திறன், அதாவது 72 கிலோவாட். எக்ஸ்50-இன் 1.5 லிட்டர் எஞ்சின் தருவது 150 குதிரைத் திறன், அதாவது 110 கிலோவாட். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! அண்ணன் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவார். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

அத்திவாவின் பொருண்மை ஏறக்குறைய 1,030 கிலோகிராம். எக்ஸ்50 ஏறக்குறைய 1,340. திறனைப் பொருண்மையால் வகுத்தால், ஒரு கிலோகிராமை நகர்த்த அத்திவாவிடம் 70 வாட் இருக்கிறது. எக்ஸ்50-இடம் 82 வாட். 53 விழுக்காடு போலத் தெரிந்த வேறுபாடு 17 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. எக்ஸ்50 தன் கூடுதல் திறனில் பெரும்பகுதியைத் தன் உடலைத் தூக்கவே செலவிடுகிறது.

இப்போது ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேரை ஏற்றுங்கள். 325 கிலோ கூடுகிறது. அத்திவா 70-இலிருந்து 53 வாட்டுக்கு இறங்குகிறது. எக்ஸ்50 82-இலிருந்து 66-க்கு. இலகுவான கார் ஆள் ஏறியதும் அதிகம் தளர்கிறது. எனவே கார் வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது அப்பாவும் விற்பனையாளரும் மட்டும் போனால் போதாது. குடும்பமே ஏறிப் பார்க்க வேண்டும்.

சரி, 53 வாட் போதுமா? பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதை போன்ற ஓர் ஏற்றத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்கிறது; வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். ஐந்து பேருடன் புவியீர்ப்பை எதிர்த்து ஏற அத்திவாவுக்கு வேண்டிய திறன் 22 கிலோவாட். காற்றுத் தடைக்கும் உராய்வுக்கும் இன்னும் சில கிலோவாட் சேர்த்தாலும் 72-க்குள் தாராளமாக அடங்கிவிடும். ஆனால், அந்த 72 கிலோவாட் நிமிடத்துக்கு 6,000 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. ஏற்றத்தில் முந்த நினைத்தால் எஞ்சின் இரைந்துதான் கொடுக்கும். எக்ஸ்50 அதையே அமைதியாகச் செய்யும்.

எரிபொருளில் மிச்சமா, விலையில் மிச்சமா?

அத்திவாவுக்கு நிறுவனம் சொன்ன கணக்கு, ஒரு லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர். எக்ஸ்50-க்குச் சொன்ன கணக்கு, 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர். அலகுகள் வேறு, முதலில் ஒன்றாக்குங்கள். 100-ஐ 18.9-ஆல் வகுத்தால் 5.3 லிட்டர். ஆக, நூறு கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர் வேறுபாடு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 12 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் என்று கொண்டால் 24 ரிங்கிட். இவை சோதனையில் கிடைத்த எண்கள். சாலை நெரிசலில் இரண்டுமே கூடுதலாகக் குடிக்கும். இரு நிறுவனங்களும் ஒரே சோதனை முறையைப் பின்பற்றினவா என்றும் கேட்க வேண்டும்.

விலையைப் பாருங்கள். அறிமுகத்தின்போது மிகக் குறைந்த விலை வகை அத்திவாவில் 61,500 ரிங்கிட். எக்ஸ்50-இல் 79,200 ரிங்கிட். வேறுபாடு 17,700 ரிங்கிட். ஒன்பது ஆண்டுக் கடனில், அதாவது 108 மாதங்களில் பிரித்தால், வட்டி சேராமலேயே மாதம் 164 ரிங்கிட். எரிபொருளில் மாதம் 24 ரிங்கிட் மிச்சமாகும் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். மாதத் தவணையில் ஏறும் 164 ரிங்கிட் பேச்சிலேயே வருவதில்லை.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

விளம்பரத் தாள் பெரும்பாலும் பேசாத எண் இது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் ஐந்து பேருடன் போகும் அத்திவாவின் இயக்க ஆற்றல் 271 கிலோஜூல். எக்ஸ்50-இன் இயக்க ஆற்றல் 333 கிலோஜூல். மலாய்ப் பாடநூல் 'தெனாகா கினெத்திக்' என்று சொல்வது இதைத்தான். பிரேக் பிடிக்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாற வேண்டும்.

அப்படியானால் கனமான கார் நிற்க அதிகத் தூரம் வேண்டுமா? இல்லை. கனம் கூடினால் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு விசையும் அதே அளவு கூடுகிறது. சூத்திரத்தில் பொருண்மை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. காய்ந்த சாலையில் உராய்வு எண் 0.8 என்று கொண்டால், இரண்டு காருமே ஏறக்குறைய 26 மீட்டரில் நிற்கும். மழையில் அது 0.4-ஆகக் குறைந்தால் 51 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி எடுத்தால் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 71 மீட்டர்! பாலத்தில் அடைமழை பெய்யும்போது உங்களைக் காப்பது காரின் பெயர் அல்ல. டயரின் பள்ளங்களும், முன்னே விடும் இடைவெளியும், குறைத்த வேகமும்தான். கடனுக்கு மேல் கடன் பட்டுப் பெரிய காரை வாங்கிவிட்டு, டயர் தேய்ந்தபின் மாற்றக் காசில்லாமல் நிற்பதில் என்ன பயன்?

ஐந்து நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு கார்களும் ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஆனாலும் வகைக்கு வகை கருவிகள் மாறும். அத்திவாவின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் உண்டு. 2020-இல் வந்த எக்ஸ்50-இன் விலை குறைந்த இரு வகைகளில் நான்குதான். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், நாம் வாங்கும் வகையில் எத்தனை காற்றுப்பைகள், தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உண்டா என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் எது?

பைராம் தோட்டத்துக் குடும்பத்துக்கு என் பதில் அத்திவா. நாள்தோறும் ஒருவர் சமதரையில் போய்வர 72 கிலோவாட் தாராளம். ஆறு காற்றுப்பைகள் அடிப்படை வகையிலேயே கிடைக்கின்றன. மாதம் 164 ரிங்கிட் கையில் நிற்கிறது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளோடு அடிக்கடி கேமரன் மலைக்கும் கோலாலம்பூருக்கும் போகும் குடும்பமாக இருந்தால், எக்ஸ்50-இன் கூடுதல் திறனுக்கும் அகலத்துக்கும் பொருள் உண்டு. தவணை கழுத்தை நெரிக்காத வரையில்.

எண்கள் மாறும். 2025-இல் வந்த புதிய எக்ஸ்50-இல் எஞ்சினே நான்கு உருளையாகிவிட்டது. ஆனால் வகுத்தலும் அலகு மாற்றமும் மாறுவதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் காரின் திறனையும் பொருண்மையையும் தேடி, ஒரு கிலோகிராமுக்கு எத்தனை வாட் என்று கணக்கிடுங்கள். பிறகு குடும்பத்தினர் அனைவரின் எடையையும் சேர்த்து மீண்டும் கணக்கிடுங்கள். முடித்ததும் வெளியே போய், டயரின் பள்ளத்தில் ஓர் அளவுகோலை விட்டு ஆழத்தைப் பாருங்கள். 1.6 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள்.