மரகதப் பச்சை வயலுக்கு நல்லதா?

திருக்கடையூரைச் சுற்றிச் சம்பா தூர் கட்டும் பருவத்தில், யாருடைய வயல் மரகதம் போலக் கருகருவென்று நிற்கிறதோ அவருக்கே கெட்டிக்கார விவசாயி என்ற பெயர் போகிறது. அந்தப் பெயரைத் தரும் அளவுகோல் தவறு. மரகதக் கல்லுக்கு நிறமே மதிப்பு: நிறமற்ற பெரில் கனிமத்தில் துளியளவு குரோமியமோ வனேடியமோ சேர்ந்து சிவப்பொளியையும் நீலத்தையும் உறிஞ்ச, மிஞ்சிய பச்சை நம் கண்ணுக்கு வருகிறது. நெல் இலையிலும் பச்சையம் ஏறக்குறைய இதே ஒளிகளைத்தான் உறிஞ்சுகிறது. ஆனால் பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மெக்னீசியம் அணுவும் அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. ஆகவே இலையின் பச்சை, பயிர் எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) எடுத்திருக்கிறது என்பதைச் சொல்லும். களத்துக்கு எத்தனை மூட்டை வரும் என்பதைச் சொல்லாது.

தேவைக்கு மேல் தழைச்சத்து ஏறிய பயிரில் இலை கொழுத்து, தண்டு மெலிந்து, வடகிழக்குப் பருவமழையின் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். குலைநோயும் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்தக் கரும்பச்சையைத்தான் தேடி வருகின்றன. பயிர் எடுக்காத உரத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது அது.

எவ்வளவு பச்சை போதும் என்பதற்கு, எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டை இருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதைப் பரிந்துரைக்கிறது. நட்ட 14ஆம் நாள் முதல் கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்து இடங்களில் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலைகளாவது 4ஆம் எண் நிறத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3ஆம் எண்ணே எல்லை.

அனுபவப்பட்ட கண்ணுக்கு அட்டை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். ஆயினும் மேகமூட்டத்தில் ஒரு நிறம், உச்சி வெயிலில் வேறொரு நிறம். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருந்தால் நம்முடையது வெளுப்பாகத் தோன்றும். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: கடலோர மண்ணில் உவராலும் துத்தநாகக் குறையாலும்கூட இலை வெளுக்கும், அட்டை அதைப் பிரித்துக் காட்டாது. உண்மைதான். அதற்கு மண் பரிசோதனையே வழி. யூரியா அங்கே மருந்தாகாது.

யூரியா மலிவான உரம் என்று கை தாராளமாகிவிடுகிறது. மழைக்காலப் பட்டத்தில் ஒரு தடவைக்கான பரிந்துரை ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியாதான். அடுத்த மூட்டையைப் பிரிக்குமுன் பத்து இலைகளை அட்டையில் வைத்துப் பாருங்கள்.