சீப்பு படாத முடி: ஜமைக்காவின் சடைப்புரிகள்

சீவாமலும் பின்னாமலும் விடப்பட்ட தலைமுடி தனக்குள் தானே சிக்கி, முறுகி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கயிறு போன்ற தனித்தனிப் புரிகளாக இறுகிவிடுவதுண்டு. தமிழில் சடாமுடி என்றும், இன்றைய உலக வழக்கில் ட்ரெட்லாக்ஸ் என்றும் அறியப்படும் இம்முடியை இந்தியச் சாதுக்களும், செனகல் நாட்டின் பாய் ஃபால் என்னும் இசுலாமியப் பிரிவினரும், ஜமைக்காவின் ரஸ்தஃபாரி சமயத்தினரும் வளர்த்துவருகின்றனர் என்றாலும், இருபதாம் நூற்றாண்டில் அதனை உலகறியச் செய்தவர்கள் ரஸ்தஃபாரிகளே ஆவர். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் படங்களில் இதனைக் கண்டவர்களுள் பலர் இது கழுவப்படாத, கவனிப்பாரற்ற முடி என்றே எண்ணிக்கொண்டனர். சீப்பைக் கைவிட்டவர்கள் தண்ணீரையும் கைவிட்டுவிட்டார்கள் என்னும் இவ்வெண்ணம் தவறானது. நன்கு வளர்ந்த சடைப்புரிக்குப் பின்னால் ஒரு திட்டமான பராமரிப்பு முறையும், அம்முறைக்குப் பின்னால் முடியின் இயல்பு பற்றிய அனுபவ அறிவும் இருக்கின்றன.

முடியிழை ஒவ்வொன்றும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது; அதன் உட்பகுதியை, கூரை ஓடுகளை அடுக்கிய முறையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாகச் சூழ்ந்திருக்கின்றன. இச்செதில்களின் விளிம்புகள் எல்லாம் முடியின் நுனியை நோக்கியே அமைந்திருப்பதால், ஓரிழையை அடியிலிருந்து நுனிவரை விரல்களால் நீவினால் வழுக்கிக்கொண்டு செல்வதும், நுனியிலிருந்து அடிநோக்கி நீவினால் சொரசொரப்பதும் எவரும் தம் தலைமுடியிலேயே சோதித்து அறியக்கூடியவை. ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் தடுக்கும் இவ்வியல்பு உடைய இழைகள் பல நெருங்கிக் கிடந்து, ஈரத்திலும் அசைவிலும் ஒன்றையொன்று உரசும்போது, அவை முன்னேறுமே தவிரப் பின்வாங்குவதில்லை. செம்மறியாட்டுக் கம்பளியை நனைத்துத் தேய்த்தே, நெசவு ஏதுமின்றி, கம்பளித் தகடுகள் செய்யப்படுவது இவ்வியல்பைப் பயன்படுத்தித்தான். மனித முடியின் செதில்கள் கம்பளியினுடையவற்றைவிடக் குறைவாகவே துருத்திக்கொண்டிருப்பதால், கம்பளிக்குச் சில மணி நேரத்தில் நிகழ்வது தலையில் நிகழ மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன.

சடைப்புரி உருவாவதில் இதைவிடச் சுவையான பங்கு உதிர்ந்த முடிக்கு உண்டு. ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ள தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. சீவுபவர்கள் அவற்றைச் சீப்பில் காண்கின்றனர். சீவாதவர் தலையில் இம்முடிகள் கீழே விழ வழியின்றி அருகிலுள்ள இழைகளிலேயே சிக்கிக்கொண்டு புரியின் உடலாகவே மாறிவிடுகின்றன. முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, ஓர் இழையின் வளர்ச்சிப் பருவமோ பெரும்பாலோருக்கு 2 முதல் 6 ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகிறது, ஆகவே தனி இழையொன்று முக்கால் மீட்டர் நீளத்தை எட்டுவதே அரிதாகும். இருந்தும் இடுப்பைத் தாண்டி முழங்காலைத் தொடும் சடைகள் காணப்படுவதற்குக் காரணம், வேரை விட்டு நீங்கிய பழைய இழைகள் புரிக்குள்ளேயே தங்கி, அவற்றோடு புதிய இழைகள் பிணைந்து, நீளம் தொடர்ந்து சேர்ந்துகொண்டே போவதுதான். முதிர்ந்த புரியின் கீழ்ப்பகுதி தலையோடு நேரடித் தொடர்பே இல்லாத முடியால் ஆனது. அதன் முழு எடையையும் உச்சியில் உயிருள்ள மயிர்க்கால்களே தாங்கிநிற்கின்றன என்பது பராமரிப்பு பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும் செய்தியாகும்.

எல்லா வகை முடியும் ஒரே எளிமையோடு சடையாவதில்லை. ஆப்பிரிக்க மரபினரின் முடி, வளைந்த மயிர்க்காலிலிருந்து தட்டையான குறுக்குவெட்டுடன் வெளிவந்து, இறுகிய சுருளாக வளர்வதால், அயலிலுள்ள சுருளோடு தானாகவே பின்னிக்கொள்கிறது. நேரான முடியும் அலையலையான முடியும் எளிதில் பிணைவதில்லை என்பதால், அவற்றைச் சடையாக்க விரும்பியவர்கள் பண்டுதொட்டே பசைப்பொருளின் துணையை நாடியுள்ளனர்; வால்மீகி ராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில், கங்கைக் கரையை அடைந்த ராமன் குகனிடம் ஆலம்பால் கொண்டுவரச் சொல்லித் தனக்கும் இலக்குவனுக்கும் சடை புனைந்துகொள்ளும் செய்தி இந்நுட்பத்தின் பழமைக்குச் சான்றாகும். இன்று அழகுக் கடைகளில் டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் சடை மெழுகு இதே வேலையைத்தான், இதைவிட மோசமான முறையில், செய்கிறது.

ஜமைக்காவில் இம்முடி சமயக் கொள்கையின் அடையாளமாகத் தோன்றியது. 1930ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி மகோன்னன் என்பவர் ஹைலே செலாசி என்னும் பெயருடன் பேரரசராக முடிசூடியதைக் கறுப்பின மக்களின் விடுதலைக்கான இறையறிகுறியாகக் கண்ட ஜமைக்க ஏழைகளிடையே ரஸ்தஃபாரி சமயம் பிறந்தது. அதன் தொடக்ககாலப் போதகருள் முதன்மையானவரான லெனார்ட் ஹவல், 1940இல் செயின்ட் கேத்தரின் மாவட்ட மலைப்பகுதியில் பினக்கிள் என்னும் குடியிருப்பை நிறுவினார். அவர் தம் நூலை வெளியிடச் சூடிக்கொண்ட புனைபெயர் கங்குங்குரு மராக் என்பது. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் வழிபாட்டு மரபுகள் இச்சமயத்தில் எந்த அளவு கலந்துள்ளன என்னும் விவாதத்தில், இந்தியச் சாயல் கொண்ட இப்பெயர் தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. சடை வளர்க்கும் வழக்கம் இந்தியச் சாதுக்களைப் பார்த்து வந்ததா, கென்யாவின் மவ் மவ் போராளிகளின் படங்களைப் பார்த்து வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். 1940களின் இறுதியிலும் 1950களிலும் இளைய தலைமுறை ரஸ்தஃபாரிகளிடையே அது பரவியது என்பதும், விவிலியத்தின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் பூண்டோர் தலையில் சவரக்கத்தி படலாகாது என்று விதிக்கப்பட்டிருப்பதை அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர் என்பதும் தெளிவு.

அம்முடிக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1963 ஏப்ரலில் மாண்டிகோ பே நகரை அடுத்த கோரல் கார்டன்ஸில் நடந்த வன்முறையைத் தொடர்ந்து, குற்றத்தில் தொடர்பற்ற ரஸ்தஃபாரிகளும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டு அடிக்கப்பட்டனர், அவர்களின் சடைகளும் வெட்டப்பட்டன; இதற்காக ஜமைக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2017இல்தான்.

சடை அவர்களுக்குத் தனித்து நிற்பதன்று. ஐட்டல் எனப்படும் வாழ்க்கை ஒழுங்கின் ஒரு பகுதி. மண்ணிலிருந்து வந்ததை இயன்றவரை மாற்றமின்றி உண்பது, பன்றியிறைச்சியையும் பலர் எல்லா இறைச்சியையும் விலக்குவது, உப்பையும் பதப்படுத்திய உணவையும் தவிர்ப்பது, தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கையும் கீரையையும் பயறையும் உணவாகக் கொள்வது ஆகியன இதில் அடங்கும். கண்டிப்பானவர்கள் உலோகத் தட்டை ஒதுக்கி, காலபாஷ் மரத்துக் காயைக் குடைந்த ஓட்டில் உண்கின்றனர். அம்மரம் தமிழ்நாட்டில் திருவோட்டு மரம் என்று அறியப்படுவதே என்பதும், துறவியின் கையிலிருக்கும் அதே ஓடு கரீபியத் தீவொன்றிலும் சடைமுடியாரின் கையில் இருப்பதும் தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கக் கூடும். உடலுக்குள் இரசாயனம் செல்லக்கூடாது என்பவர் தலையிலும் அதனைப் பூசார் என்பதால், முடிப் பராமரிப்பும் செடிகொடிகளையே சார்ந்தது. சோற்றுக்கற்றாழையின் சோறும், டூனா என்று அவர்கள் வழங்கும் சப்பாத்திக்கள்ளி இனத்துக் கள்ளியின் வழவழப்பான சாறும் தலை கழுவப் பயன்படுகின்றன. ஆமணக்கு முத்தைக் கருக வறுத்து, இடித்து, நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் ஜமைக்கக் கறுப்பு ஆமணக்கெண்ணெய், தமிழ்நாட்டுக் கிராமங்களில் காய்ச்சி இறக்கும் விளக்கெண்ணெயின் நெருங்கிய உறவு.

சடையைத் தொடங்கும் வழிகள் பல. ரஸ்தஃபாரிகள் மதிக்கும் வழி, கழுவுவதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் முடியை அதன் போக்கில் விடுவது. இதில் புரிகள் சீரற்ற பருமனில் அமையும் என்றாலும் இழை எதுவும் வலிந்து இழுக்கப்படுவதில்லை. அழகு நிலையங்களில் முடியைச் சிறு கட்டங்களாக வகிர்ந்து, இரண்டிரண்டு கற்றைகளாக முறுக்கியோ, நுனியிலிருந்து அடிநோக்கி எதிர்ச்சீவல் செய்தோ, மெல்லிய குரோஷே ஊசியால் இழைகளை உள்ளே இழுத்துக் கோத்தோ தொடங்குகின்றனர். எவ்வழியில் தொடங்கினாலும் முதல் சில மாதங்களில் புரிக்குள் பட்டாணி அளவில் முடிச்சுகள் திரளும். தலை முழுதும் கலைந்து, பருத்து, எழும்பி நிற்கும். வளர்ப்போரில் பலர் பொறுமையிழந்து வெட்டிவிடுவது இக்கட்டத்தில்தான். முடிச்சுகள் ஒன்றோடொன்று இணைந்து புரி உருளையாக இறுகுவதற்கு ஓராண்டு முதல் இரண்டாண்டுகள் வரை ஆகலாம். இக்காலத்தில் தேவைப்படும் ஒரே கைவேலை, தலைக்குக் குளித்தபின் பக்கத்துப் புரிகள் அடியில் ஒட்டி இணைந்துவிடாமல் விரல்களால் பிரித்துவிடுவதாகும்.

கழுவுவது பற்றியே மிகுதியான தவறான அறிவுரைகள் உலவுகின்றன. அழுக்கு சேர்ந்தால்தான் சடை இறுகும் என்பது பொய். தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசை இழைகளுக்கிடையே வழுக்கலை உண்டாக்குவதால், சுத்தமான முடியே விரைவில் இறுகுகிறது. வாரம் ஒருமுறையேனும், வறண்ட தலையினர் இரு வாரத்திற்கொருமுறையேனும், விரல் நுனிகளால் தலைத்தோலைத் தேய்த்துக் கழுவி, நுரையைப் புரிகளின் வழியே பிழிந்து வெளியேற்ற வேண்டும். முடியை மென்மையாக்கும் கண்டிஷனர் வகைகள் செதில்களின் உராய்வைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை ஆதலால் இளம் சடைக்கு அவை எதிரிகள். கடின நீரில் சாதாரண சோப்பைப் பயன்படுத்தினால் திரிந்து படியும் வெண்ணிறக் கசடு புரியின் உள்ளே தங்கிவிடும். சீயக்காயையும் அரப்பையும் விரும்புவோர், பொடியாகத் தேய்த்தால் அதன் துகள்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் என்பதை நினைவிற்கொண்டு, கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை மட்டும் பயன்படுத்துவது நல்லது. சடையில் பேன் தங்காது என்னும் நம்பிக்கைக்கும் அடிப்படையில்லை. தங்கிவிட்டால் பேன்சீப்பு உள்ளே செல்லாது என்பதால் துன்பம் இரட்டிப்பாகும்.

கழுவுவதைவிட உலர்த்துவது முக்கியமானது. மேற்புறம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டதாகத் தோன்றும் பருத்த புரியின் நடுவே ஈரம் மாலைவரை நிற்கும். அந்நிலையில் அதனைக் கொண்டையாக முடிந்தாலோ, தொப்பிக்குள் திணித்தாலோ, ஈரத்துடன் படுத்தாலோ, உள்ளே பூஞ்சை பிடித்து, எத்தனை முறை கழுவினாலும் நீங்காத நாற்றம் உண்டாகிறது. எனவே காலையில் கழுவி, ஒவ்வொரு புரியையும் பஞ்சு உதிராத துண்டில் வைத்துப் பிழிந்து, வெயிலிலும் காற்றிலும் விரித்துவிடுவது வழக்கம். மெழுகின் கேடும் இத்தகையதே. நீரில் கரையாத மெழுகு, புரியை இறுக்கியது போன்ற தோற்றத்தைத் தந்துவிட்டு, தூசியையும் துணிப்பஞ்சையும் ஈர்த்துக்கொண்டு, உள்ளீரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஆலம்பாலுக்குக் காவியத்தில் இடமிருந்தாலும் இன்றைய தலையில் வேண்டியதில்லை.

கவனிப்பின்றித் தானே திரளும் சிக்கை இவ்வாறு பராமரித்து வளர்க்கும் சடையோடு ஒன்றாகக் கருதலாகாது. போலந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை கொவ்துன் எனப்பட்ட அழுக்கேறிய சிக்குமுடியை வெட்டினால் நோய் உடலுக்குள் திரும்பிவிடும் என்று மக்கள் அஞ்சினர். கிராக்கோ நகர மருத்துவரும் பின்னாளில் அந்நகர மேயருமான யூசெஃப் டியெட்ல் அவ்வச்சத்தை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும், பெண்ணின் தலையில் திடீரெனச் சிக்கு விழுந்தால் அதனை எல்லம்மா தேவியின் அழைப்பாகக் கொண்டு, கழுவவும் வெட்டவும் விடாமல் அப்பெண்ணைத் துன்புறுத்தும் நம்பிக்கையை எதிர்த்து, பகுத்தறிவு இயக்கத்தினர் அத்தகைய சடைகளை வெட்டி அகற்றிவருகின்றனர். விரும்பி வளர்ப்பதும் அஞ்சிச் சுமப்பதும் ஒன்றாகா.

விரும்பி வளர்ப்பவருக்கும் உள்ள உண்மையான ஆபத்து எடையாகும். பல ஆண்டுப் புரிகள், குறிப்பாக நனைந்திருக்கும்போது, கழுத்தையும் மயிர்க்கால்களையும் கடுமையாக இழுக்கின்றன. அத்துடன் புதிதாக வளர்ந்த அடிமுடியை அடிக்கடி இறுக முறுக்குவதும், எல்லாவற்றையும் சேர்த்து உச்சியில் கட்டுவதும் தொடர்ந்தால், இழுவிசையால் முடி உதிரும் நிலை ஏற்படுகிறது. நெற்றி ஓரத்திலும் காதோரப் பொட்டிலும் முடி மெலிதல், புரியின் அடி நூலாகச் சுருங்குதல், தலைத்தோலில் சிறு கொப்புளம் தோன்றுதல் ஆகியன அதன் முதல் அறிகுறிகள். இக்கட்டத்தில் முறுக்குவதை நிறுத்தி, நீளத்தைக் குறைத்துவிட்டால் முடி பெரும்பாலும் திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் மயிர்க்கால் தழும்பாகி, அவ்விடத்தில் முடி மீண்டும் முளைக்காது. ஆகவே சடை வளர்ப்போர் மாதம் ஒருமுறையேனும் நெற்றி ஓரத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதும், முடி மெலிந்திருந்தால் எண்ணெய் மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுவதும் கட்டாயம்.