குளிர் நாட்டில் எலுமிச்சை: கார்டா ஏரிக்கரைத் தோட்டங்கள்

எலுமிச்சை வெப்ப நாட்டு மரம். சென்டிகிரேட் அளவில் பூஜ்யத்திற்கு இரண்டு டிகிரி கீழே குளிர் இறங்கினால் காய்கள் கெடத் தொடங்கும். நான்கைந்து டிகிரி கீழே சென்று அக்குளிர் சில மணி நேரம் நீடிக்குமாயின் இலையும் இளங்கிளையும் கருகிப்போம். இவ்வாறிருக்க, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், வட அட்சம் 45 பாகைக்கும் அப்பால், இத்தாலி தேசத்துக் கார்டா ஏரியின் மேற்குக் கரையில் இம்மரம் பல நூற்றாண்டுகளாகப் பயிராகி வந்திருக்கிறது. கார்ஞானோ என்னும் ஊரில் மடம் அமைத்த பிரான்சிஸ்கன் துறவிகள் 13-ம் நூற்றாண்டில் இதனைக் கொண்டுவந்தனர் என்பது அவ்விடத்து வழக்கு. 1786-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அக்கரையோரம் படகிற் சென்ற ஜெர்மானியக் கவி கெதே இத்தோட்டங்களைக் கண்டு குறித்துள்ளார். அங்குள்ள மரம் நம் நாட்டில் ஊறுகாய்க்கு வழங்கும் உருண்டை எலுமிச்சையன்று. நீண்டு, தோல் தடித்து, நுனியில் மூக்குடைய பழந்தரும் வேறு சாதி.

இச்சாகுபடியின் வெற்றி கண்ணாடியால் மட்டும் வந்ததெனக் கொள்ளுதல் பிழை. முதலில் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஏரி ஏறக்குறைய 370 சதுர கிலோமீட்டர் பரப்பும், ஆழமான இடத்தில் 346 மீட்டர் ஆழமும் உடையது. கோடையில் இவ்வளவு ஜலமும் ஏற்றுக்கொண்ட உஷ்ணம் குளிர்காலத்தில் மெள்ள மெள்ள வெளிப்பட்டுக் கரையைக் காக்கிறது. வாடைக்காற்றை மலை தடுக்கிறது. இதன் மேல், சரிவை அடுக்கடுக்காக வெட்டி, வடபுறமும் இரு பக்கங்களும் உயர்ந்த கற்சுவர் எழுப்பி, வெயில் விழும் ஏரிப்புறத்தை மட்டும் திறந்து விட்டனர். பகலில் வெயிலை வாங்கிய கல் இரவில் அதனைத் திருப்பித் தருகிறது. செலவின்றி நாள்தோறும் எரியும் அடுப்பு இதுவே.

அடுக்குகளில் வரிசையாகச் சதுரக் கற்றூண்கள் நிற்கின்றன. அவற்றின்மீது உத்தரங்கள் கிடக்கின்றன. நவம்பர் மாதத்தில் மேலே பலகைகளையும் முன்புறத்தில் கண்ணாடிச் சட்டங்களையும் பொருத்தி, இடுக்குகளை உலர்ந்த புல்லால் அடைப்பர். மார்ச் மாதத்தில் யாவற்றையும் கழற்றி விடுவர். கோடையில் மரம் திறந்த வெளியிலேயே வளர்கிறது. ஆகையால் மழையும் காற்றும் வேண்டிய அளவு கிடைக்கின்றன. ஆண்டு முழுவதும் மூடிக்கிடக்கும் வீட்டில் செதிற்பூச்சியும் இலைகளில் கரும்பூசணமும் பெருகுவதை இவ்வழக்கம் பெரிதும் குறைக்கிறது.

குளிர்காலப் பராமரிப்பில் நோக்கம் மரத்தை வளர்ப்பதன்று, உறையாமற் காப்பதே. ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே எலுமிச்சை வளர்ச்சியின்றி ஓய்ந்திருக்கும். அவ்வோய்வினால் கெடுதல் இல்லை. கெடுதல் வருவது வேறு வழியில். மண் குளிர்ந்திருக்கையில் வேர் நீரை உறிஞ்சமாட்டாது. அப்பொழுது மூடிய கண்ணாடிக்குள் நண்பகல் வெயில் ஏறினால் இலைகள் இழக்கும் ஈரத்தை ஈடுசெய்ய இயலாமல் மரம் இலையுதிர்க்கும். குளிரால் உதிர்ந்ததென்று எண்ணி இன்னும் இறுக மூடுவோர் மரத்தையே இழப்பர். வெயில் நாளில் முன்புறத்தைத் திறத்தலும், நீரைக் குறைத்தலும் இன்றியமையாதவை. கடுங்குளிர் இரவுகளில் உள்ளே கிண்ணங்களில் நீர் வைத்துப் பார்த்திருந்து, அதில் பனிக்கட்டி படியத் தொடங்கியதும் விறகுத் தீ மூட்டுவது அவ்விடத்து முறை. வெப்பமானி இல்லாத காலத்தில் இதனினும் நம்பத்தக்க கருவி வேறில்லை.

19-ம் நூற்றாண்டின் நடுவில் பிசின் வடியும் நோய் பரவி மரங்கள் மாண்டன. அடிமரத்தில் ஈரம் தங்குமிடத்தில் பைட்டாப்தோரா என்னும் பூசணம் புகுவதே இந்நோய்க்குக் காரணமென்பது பின்னர் விளங்கியது. அதனை எதிர்த்து நிற்கும் கசப்புக் கிச்சிலியை அடிக்கட்டையாகக் கொண்டு ஒட்டுக்கட்டுவது பரிகாரமாயிற்று. ஒட்டுப்பகுதி மண்ணிற் புதையாமல் உயரத்தில் நிற்றல் வேண்டும்.

விற்பனை முறை கிராம அதிகாரிகளின் கவனத்திற்குரியது. 1840-ம் ஆண்டில் கார்ஞானோவில் தோட்டக்காரர் சங்கம் ஒன்று ஏற்பட்டு, பழங்களைச் சேர்த்து விற்றது. பனி நாடுகளுக்கு அண்மையில் விளைந்த பழமாதலின் வடக்கே நல்ல விலை கிடைத்தது. ஆனால் 1861-ல் இத்தாலி ஒரே ராஜ்யமான பின், இருப்புப்பாதை வழியே சிசிலித் தீவின் பழம் மலிவாக வந்திறங்கியது. அப்பழத்திற்குச் சுவரில்லை, பலகையில்லை, விறகில்லை. முதல் உலக யுத்தத்தில் போர்முனை அருகாமையில் இருந்ததால் தோட்டங்களின் பலகைகளும் கண்ணாடியும் படைத்தேவைக்குப் போயின. 1919 முதல் அமெரிக்காவில் பூசணத்தைக் கொண்டு எலுமிச்சைப் புளிப்பைத் தொழிற்சாலையிலேயே பெருமளவிற் செய்யலாயினர். 1928–29 குளிர்காலத்து உறைபனி எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை அழித்தது. ஆகவே குளிரை வெல்லத் தெரிந்தவர்களை வண்டிச்சத்தமே முதலில் வென்றது எனலாம். கண்ணாடி வீடு கட்ட எண்ணுவோர் மரத்தின் விலைக்கு முன் சந்தைக்கு வரும் வெளியூர்ப் பழத்தின் விலையை விசாரித்தல் நலம்.

இப்பொழுது பல அடுக்குகளில் தூண்கள் மட்டும் வெறுமையாய் நிற்கின்றன. லிமோனே ஊரில் நகராட்சியார் ஒரு பழைய தோட்டத்தை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 2004-ம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கின்றனர். எலுமிச்சையோடு கடாரங்காய், கிச்சிலி முதலிய இனங்களும் அங்கு வளர்கின்றன.