பொரி மூட்டையும் 14 அடி லாரியும்

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தை விட்டுச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ குடிமாறப்போகிற வீட்டில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க வீட்டுல அப்படி என்ன அண்ணாச்சி கனமான சாமான் இருக்கு? ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ். இதுக்குப் போயி இவ்வளவு பெரிய லாரியா?" நியாயமான கேள்வியாகத்தான் தெரிகிறது. வீடு மாற்றித் தருவது கனம் தூக்கும் தொழில் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதனால் இப்படிக் கேட்கிறோம். கேட்பவரோடு சேர்ந்து ஒரு லாரியை மனக்கணக்காக நாமே ஏற்றிப் பார்ப்போம்.

இரண்டு படுக்கையறை வீடு என்றால் பெரும்பாலும் 14 அடி வண்டியைச் சொல்வார்கள். அகலம் 6 அடி, அடுக்கும் உயரம் 6 அடி என்று வைத்துக்கொண்டால் உள்ளே சுமார் 500 கன அடி இடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக இருக்கும் பெட்டி ஒன்று பிடிக்கும் இடம்தான் ஒரு கன அடி. இப்படிப்பட்ட வண்டி மூன்றரை டன் தாங்கும் என்று கொள்வோம். முதலில் நம் ஊர்ச் சரக்கான நோட்டுக் கட்டுகளை ஏற்றலாம். காகிதம் கன அடிக்குச் சுமார் 20 கிலோ. அப்படியானால் 175 கன அடியிலேயே மூன்றரை டன் ஆகிவிடும். லாரியின் தரை 84 சதுர அடி. ஆக, இரண்டடி உயரம் அடுக்கியதுமே வண்டி 'போதும்' என்றுவிடும். அதற்கு மேல் நாலடி உயரத்துக்குக் காற்றுதான் பயணம் போகும்.

இப்போது நோட்டை இறக்கிவிட்டு வீட்டுச் சாமானை ஏற்றுவோம். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோ கிட்டத்தட்ட 29 கன அடி இடத்தை அடைக்கும். அதன் எடை 80 கிலோ என்றால் கன அடிக்கு மூன்று கிலோகூட வரவில்லை. மெத்தை, நாற்காலி, வாஷிங் மெஷின், பிளாஸ்டிக் டிரம் எல்லாமே இந்த ரகம்தான். அமெரிக்காவில் வீடு மாற்றுகிறவர்கள் நெடுங்காலமாகக் கன அடிக்கு 7 பவுண்டு, அதாவது 3.2 கிலோ, என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நம் லாரி கூரைவரை நிறைந்தாலும் 1,600 கிலோதான். வண்டி தாங்குவதில் பாதிகூட ஆகவில்லை, ஆனால் கை நுழைக்க இடமில்லை.

ஒரே படியில் அரிசியையும் அளக்கலாம், பொரியையும் அளக்கலாம். நோட்டுக் கட்டு அரிசி. நம் வீட்டுச் சாமான் பொரி. பொரியைக் கையில் தூக்கிப் பார்த்து 'கனமே இல்லையே' என்று சொல்வதால் மூட்டை சிறிதாகிவிடாது. வாடகை பேச வருகிறவர் பீரோவை அசைத்துப் பார்க்காமல், "பரண் மேல என்னக்கா இருக்கு? மாடியில பூந்தொட்டி இருக்கா? பைக்கும் ஏறுதா?" என்று கேட்பது இதனால்தான். அவர் மனதில் கன அடி ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் சொல்ல மறந்த பரண் சாமான்தான் ஏற்றும் நாளன்று இரண்டாவது வண்டியைக் கூப்பிட வைக்கும். 2005-ல் சந்தைக்கு வந்து 'குட்டி யானை' என்று பெயரெடுத்த டாடா ஏஸ் முக்கால் டன் தாங்கும் என்றாலும், அதன் தளம் ஏறக்குறைய ஏழடிக்கு ஐந்தடிதான். அங்கேயும் எடைக்கு முன்னால் இடம் தீர்ந்துவிடும்.

இடத்துக்கு அடுத்தபடி வாடகையைத் தீர்மானிப்பது காலம். ஆடியில் யாரும் குடிபோவதில்லை. ஆவணி பிறந்ததும் நாள் பார்த்து எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். சிவகாசி வட்டாரத்தில் தீபாவளிச் சரக்கு மும்முரமாக வெளியூர் போவதும் அந்தப் பருவத்தில்தான். வண்டியைத் தேடுவது நாம் மட்டும் இல்லை என்றானபின் வாடகை ஏறாமல் இருக்குமா? போகிற ஊரிலிருந்து திரும்பி வரச் சரக்கு கிடைக்குமா என்பதும் வண்டிக்காரரின் கணக்கில் உண்டு. கிடைக்காது என்றால் வெறும் வண்டி திரும்புகிற டீசலும் நம் தலையில்தான் விழும்.

ஆள் விஷயமும் அப்படித்தான். முகூர்த்த நாளில் பத்து வீட்டில் கூப்பிடுவார்கள், அடுத்த வாரம் முழுக்க வேலை இருக்காது. அதனால் லோடுமேன்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. லோடுக்கு இவ்வளவு என்ற கூலிதான். சுமைதூக்குவோர் உள்ளிட்டவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் வழியே அமைந்த நலவாரியத்தில் பதிந்துகொண்டால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் கிடைக்கும்.

இனி கட்டும் வேலைக்கு வருவோம். இங்கே எடை எட்டிப் பார்க்கும், ஆனால் பெட்டிக்குள். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போட்டால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். அதனால் புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. அட்டைப் பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் மூலைகளில் இருக்கிறது. மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் மூலைமீது நேராக உட்கார வேண்டும். செங்கல் சுவர்போல் மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாகத் தெரியும்; பெட்டி தாங்கும் பலமோ பாதியாகக் குறைந்துவிடலாம். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, இடையில் கசக்கிய காகிதம் திணிப்பார்கள். பெட்டிக்குள் இடைவெளி இருந்தால் வழிநெடுகச் சாமான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போகும்.

ஏற்றும்போதும் இதே பாடம்தான். டிரைவர் கேபினை ஒட்டிய பக்கத்தில் பீரோவும் கனமான சாமானும் முதலில் ஏறும். அம்மி, கிரைண்டர் தரையில். ஃபிரிட்ஜ் நின்றபடியே வர வேண்டும். சாய்த்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடக்கூடும். தரையிலிருந்து கூரைவரை ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிசைக்கு வருவார்கள். மேசையின் கால்களுக்கு நடுவே வாளி, வாளிக்குள் பாத்திரம், சந்தில் பாய் என்று ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஒரு சாமானைக் கண்டுபிடிப்பவர்தான் அந்தக் குழுவில் மூத்தவர். பெரும்பாலும் அவர் அதிகம் தூக்குவதில்லை. வண்டிக்குள் நின்று "அதைக் கொண்டாப்பா, இதைத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சும்மா நிற்கிறார் என்று கூலியில் குறைக்கப் பார்க்காதீர்கள். அவர் இல்லையென்றால் 14 அடிக்குள் அடங்கவேண்டியது 17 அடி கேட்கும்.

ஏற்றவே கூடாதவையும் உண்டு. நம் ஊரில் முதலில் சொல்லவேண்டியது பட்டாசு. போன தீபாவளிக்கு வாங்கி மிச்சமான ஒரு பெட்டிதானே என்று துணிமணிக்கு நடுவில் செருகுவது ஆபத்து. வெடிபொருள் ஏற்ற வேறு வண்டி, வேறு விதி; அபாயகரமான சரக்கு ஓட்டும் டிரைவருக்குத் தனிப் பயிற்சியே வேண்டும். பட்டாசுக் கம்பெனிப் பெயர் அச்சடித்த காலிப் பெட்டியில் பாத்திரம் கட்டினால்கூட வழியில் நிறுத்துகிறவர் திறந்து காட்டச் சொல்வார். சமையல் கேஸ் சிலிண்டரையும் ஏற்ற மாட்டார்கள். ஊர் மாறுகிறோம் என்று ஏஜென்சியில் சொல்லி ஒப்படைத்து, காகிதம் வாங்கிக்கொண்டால் புது ஊரில் இணைப்பு கிடைக்கும்.

கடைசியாகக் காகிதம். பதிவு பெற்ற சரக்கு நிறுவனம் என்றால் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது தர வேண்டும். 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011-ம் ஆண்டின் விதிகளும் சொல்வது இது: சாமான் தொலைந்தால், உடைந்தால் நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குவரை, ஆனால் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. வாடகை 15,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு ஒன்றரை லட்சம். சாமானின் மதிப்பை நாமே 20,000 என்று குறைத்து எழுதியிருந்தால் அந்த 20,000-தான். அதற்கு மேலும் பொறுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசிக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். வழக்குப் போடுவதாக இருந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். காப்பீடு என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். நகல் தராத காப்பீட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஆகவே அடுத்த முறை வாடகை பேசும்போது 'எவ்வளவு கிலோ' என்ற பேச்சை விட்டுவிடலாம். எத்தனை அடி வண்டி, நம் சாமான் மட்டுமா அல்லது இன்னொருவர் சாமானும் ஏறுமா, வண்டிக்குள் நின்று அடுக்கப்போகிறவர் யார், எல்.ஆரில் என்ன மதிப்பு எழுதுவார்கள் என்று இந்த நான்கையும் கேளுங்கள். பரணையும் திறந்து காட்டுங்கள். இவ்வளவும் செய்தபின் அவர் சொல்கிற தொகை அதிகமா குறைவா என்று பேரம் பேச நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.